நோட்டீஸின் பின்பக்கம்

முத்தாத்தாளிடம் இருநூற்றுப் பதினான்கு நாடக நோட்டீஸ்கள் இருந்தன. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் மகள் கீதாவுக்கும் சின்ன வயதில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய தாள்கள். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் 'பிரபல திரைப்பட நடிகை கோவை வெங்கடலட்சுமி தோன்றும்' என்று போட்டிருக்கும். மேடையில் தோன்றியதென்னவோ முத்தாத்தாள்.

விஷயம் இதுதான். கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, ஊர் இளவட்டங்கள் நாடகம் போடுவார்கள். மில் தொழிலாளிகள் பொங்கலுக்கும் மே தினத்துக்கும் போடுவார்கள். ஆண் வேஷத்துக்கு நான் நீ என்று அடித்துக்கொள்வார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் கோவை காந்திபுரத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடி அறையில் அழகிரிசாமி உட்கார்ந்திருப்பார். நடிகை பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வருகிற அத்தனை பேரும் கேட்பது ஒரே பெயர். வெங்கடலட்சுமி நான்கு படங்களில் டைட்டிலில் பெயர் வந்தவள். அந்தப் பெயரைப் போட்டால்தான் கூட்டம் சேரும். நோட்டீஸ் ஒரு மாதம் முன்னாலேயே அச்சாகிவிடும். பங்குனி, சித்திரையில் ஒரே நாளில் ஏழு ஊரில் நோம்பி வரும். வெங்கடலட்சுமி ஒருத்திதானே? அவள் ஒரு ஊருக்குப் போவாள். மற்ற ஊர்களுக்கு வேறு பெண்கள் அவள் பெயரிலேயே போவார்கள். பெரும்பாலும் முத்தாத்தாள்தான் போனாள். படத்தில் இரண்டு நிமிஷம் வந்த முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? பவுடரை அப்பி ட்யூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தினால் எல்லாரும் வெங்கடலட்சுமிதான்.

மத்தியானம் அந்த ஊருக்குப் போய் இறங்குவாள். கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து யாராவது வசனத்தை வாசிப்பார்கள். இரண்டு தரம் கேட்பாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் எல்லாம் மனதில் நின்றுவிடும். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குப் படித்துப் பாடம் பண்ண வராது. காதுதான் அவளுக்குப் புத்தகம். ஓரப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு, அவள் வருகிற காட்சிகளில் வேலையே இருக்காது.

திரும்பி வந்ததும் அந்த ஊர் நோட்டீஸின் பின்பக்கத்தில் பேனாவால் கோணல்மாணலாக எழுதி வைப்பாள். 'சூலூர். தாய் வேசம். அழுதாங்க.' 'காரமடை. ராணி. பாதில மழை.' 'அன்னூர். பைத்தியக்காரி. ஒரு அம்மா மேடைக்கு வந்து என்ர தலையக் கோதி உட்டாங்க.' வேறு எழுத்து எதையும் அவள் எழுதி கீதா பார்த்ததில்லை.

சினிமாவும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் உள்ளூர் முகம் தேவைப்படும். அப்படிப் பதினோரு படம். குடம் சுமந்திருக்கிறாள், ஒப்பாரி வைத்திருக்கிறாள், ஒரு படத்தில் கதாநாயகனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். டைட்டிலில் 'மற்றும் பலர்'. தொலைக்காட்சியும் உண்டு. தொண்ணூற்று மூன்றில் கோவையிலேயே எடுத்த பதிமூன்று வாரத் தொடரில் தாயாக நடித்தது முத்தாத்தாள். அழகிரிசாமி வழக்கப்படி வெங்கடலட்சுமி பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். வாரா வாரம் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து, திரையில் அம்மாவின் முகத்துக்குக் கீழே அந்தப் பெயர் ஓடுவதை கீதா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவளை 'நாடகக்காரி மவ' என்றார்கள். அப்பன் என்று ஒருத்தன் அவள் நான்கு வயதிலேயே வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டான். அந்த வன்மத்திலேயே படித்தாள். பி.காம். முடித்தாள். அம்மா வழியிலும் அப்பன் வழியிலும் காலேஜ் வாசலை மிதித்தது அவள் ஒருத்திதான். கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. படித்தவளுக்கு ஒரு நோய் வந்துவிடும். உண்மையை வரிசையாக, தேதி போட்டு, டைப் அடித்துக் கொடுத்தால் உலகம் உட்கார்ந்து வாசிக்கும் என்று நம்பத் தொடங்கிவிடுவாள். கீதாவுக்கு அந்த நோய் முற்றியிருந்தது.

தொண்ணூற்று ஏழில், கொங்கு மேடைக் கலைஞர் மன்றம் 'முத்துறைக் கலைச்செல்வி' என்று ஒரு விருதை அறிவித்தது. மேடை, திரை, சின்னத்திரை மூன்றிலும் உழைத்த ஒரு நடிகைக்குக் கொடுப்பார்களாம். விண்ணப்பத்தோடு சான்றுகள் இணைக்க வேண்டும். மன்றத்தின் செயலாளர் அழகிரிசாமி.

மூன்றும் செய்தவள் கோயமுத்தூரில் தன் அம்மாவை விட்டால் யார் என்று கீதா சொன்னாள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பக்கம் டைப் அடித்தாள். பெயர் ஏன் மாறியிருக்கிறது, எந்த ஊரில் என்ன வேஷம், எல்லாம் விளக்கமாக. பிறகு பிஸ்கட் டின்னைக் கேட்டாள்.

முத்தாத்தாள் பரணிலிருந்து டின்னை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுல எம்பேரு இல்லியே கண்ணு."

"பின்னால உன்ர கையெழுத்து இருக்குதல்ல? அதுதாம்மா சாட்சி."

"குடுத்தா திரும்ப வருமா?"

"நான் வாங்கியாறேன்."

முத்தாத்தாள் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். காலி டின்னை மூடி, பழையபடி பரண்மேலேயே வைத்தாள்.

லாட்ஜ் அறையில் அழகிரிசாமி தேனாகப் பேசினார். டீ வரவழைத்தார். நம் முத்தாத்தாளுக்கு இல்லாத விருது வேறு யாருக்கு என்றார். ரிப்பன் கட்டிய நோட்டீஸ் கட்டை இரண்டு கையாலும் வாங்கி மேஜை அறைக்குள் வைத்தார். ரசீது கேட்கவேண்டும் என்று பி.காம். படித்தவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அழைப்பிதழ் தபாலில் வந்தது. 'முத்துறைக் கலைச்செல்வி விருது பெறுபவர்: கோவை வெங்கடலட்சுமி. அறுநூறு மேடைகள், நான்கு திரைப்படங்கள், பதிமூன்று வாரத் தொலைக்காட்சித் தொடர்.'

கீதா அதை இரண்டாவது தரம் படிக்கவில்லை. ஆபீசிலிருந்து நேராக டவுன் பஸ் பிடித்து காந்திபுரம் போனாள். அழகிரிசாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கொஞ்சமும் பதறவில்லை.

"உக்காருங்க அம்மணி. கோவமா வந்திருக்கீங்க."

"அந்தத் தொடர்ல நடிச்சது ஆருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. ஆனா குழுவுல அஞ்சு பேரு. அவிங்க பேரத்தான பாக்கறாங்க. பேரு இருக்கற நோட்டீஸு பேரு இருக்கறவிங்களுக்குத்தானுங்களே சேரும்?"

"பின்னால எழுதியிருந்துச்சே, பாத்தீங்களா?"

"பின்னால ஆருங்க பாக்கறாங்க?"

அவர் இன்னும் சொன்னார். முத்தாத்தாளின் பெயரை ஆரம்பத்திலேயே மாற்றியிருக்க வேண்டுமாம். முத்தாத்தாள் என்று போஸ்டர் அடித்தால் மாட்டுச் சந்தைக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்குமாம். இப்போது உண்மையைச் சொன்னால் இருபத்தைந்து வருஷமாக ஊர் ஊராக ஏமாற்றியதாக ஆகிவிடுமாம்; அதில் முத்தாத்தாளும் சேர்த்திதானாம். தான் எழுதிய மூன்று பக்கமும் எங்கே என்று கீதா கேட்டதற்கு, நல்ல இங்கிலீஷ் டைப் மாதிரி சுத்தமாக அடித்திருந்தீர்கள் என்று பாராட்டினார். நோட்டீஸ்களைத் திருப்பிக் கேட்டதற்கு, விழா முடியட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வதற்குள் கீதாவுக்கு உயிர் போயிற்று. தூக்கிக் கொடுத்தது அவள்தானே. தன் அம்மாவின் இருநூற்றுப் பதினான்கு மேடைகளைத் தன் கையாலேயே ரிப்பன் கட்டி இன்னொருத்திக்குச் சீதனமாகக் கொடுத்தவள் அவள்தானே. முத்தாத்தாள் கேட்டுவிட்டு, சரி சாப்பிடு என்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு பேரும் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அழகிரிசாமி வீடு தேடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றார். வெங்கடலட்சுமிக்கு முந்தின நாள் பக்கவாதம் வந்துவிட்டது, இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, எழுந்திருக்க முடியாது. மண்டபம் பிடித்தாயிற்று. சென்னையிலிருந்து வருகிற பெரிய மனிதர் அவளைப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் பாதிப்பேர் வெங்கடலட்சுமி என்று நினைத்து மேடையில் பார்த்திருப்பதே முத்தாத்தாளைத்தான். அதனால், ஒரு கால்மணி நேரம் வந்து வாங்கிக்கொண்டு போனால் போதும்.

கீதா அவரை வாசல்படியிலிருந்து இறங்கச் சொன்னாள். திருடின பொருளைத் தூக்கிக்கொண்டு நடக்க, பறிகொடுத்தவளையே கூலிக்குக் கூப்பிடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அக்கம்பக்கத்தில் கதவு திறந்தது. அவள் குரலைத் தணிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து முத்தாத்தாளின் குரல் வந்தது.

"என்ன கலர் சீலைங்க கட்டோணும்?"

இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு நாடகத்துக்கும் சம்மதம் சொன்னதற்கு அடையாளமாக அவள் கேட்டது அதுதான். அழகிரிசாமிக்குப் புரிந்துவிட்டது. மாம்பழக் கலர் என்று சொல்லிவிட்டு, கீதாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கீதா அம்மாவைத் திட்டினாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். வெட்கம் இல்லையா என்றுகூடக் கேட்டாள். முத்தாத்தாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கை நின்றது.

"எனக்கு ஆசையா இருக்குது கண்ணு. ஒருக்கா அந்தச் சால்வையத் தோள்ல போட்டுப் பாக்கோணும். எவ பேர்லயோ போட்டுட்டுப் போகட்டும். தோளு என்ர தோளுதான?"

தியாகம் என்று சொல்லியிருந்தால் கீதா இன்னும் கத்தியிருப்பாள். ஆசை என்று சொன்னதும் முறத்தை வாங்கி மீதி அரிசியை அவளே புடைத்தாள். ஆனால் மறுநாள் ஆபீசில், நடந்ததையெல்லாம் சொல்லி ஒரு பக்க மனு டைப் அடித்தாள். 'மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. ஆர்மோனியக்காரர்கள், பழைய ராஜா வேஷக்காரர்கள், மில்லில் ஓய்வு பெற்றவர்கள், வெள்ளை வேட்டிகளில் ஊர்ப் பெரியவர்கள். கீதா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மைக்கில் 'நமது அபிமான வெங்கடலட்சுமி' என்று அழைத்ததும் ஓரப் படுதாவை விலக்கிக்கொண்டு முத்தாத்தாள் வந்தாள். மாம்பழக் கலர் சீலை. தலையை லேசாகச் சாய்த்து, இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிற நடை வெங்கடலட்சுமியுடையது. கீதாவே ஒரு நொடி ஏமாந்தாள். கூட்டம் கை தட்டியது. அவளுக்கு முந்தின வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், எங்க ஊரு நோம்பியில் இந்தம்மா அழுத அழுகையில் நானே அழுதுபோட்டேன் என்றார். எந்த ஊர் என்று கீதா கேட்டாள். அன்னூர் பக்கம் என்றார்.

சென்னைக்காரர் சால்வையைப் போர்த்தினார். முத்தாத்தாள் கண்ணை மூடித் திறந்தாள். அது நடிப்பில்லை. அந்த முகத்தை கீதா வீட்டில்கூடப் பார்த்ததில்லை. கைப்பையைத் திறக்கப் போன விரல் அப்படியே நின்றது.

ஏற்புரைக்கு மைக்கைத் திருப்பினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றாள் முத்தாத்தாள். குரல் கணீரென்று வந்தது. "நான் படிக்காதவ. மேடைல அடுத்தவிங்க எழுதுன வசனத்தத்தான் இத்தன வருசம் பேசியிருக்கறேன். இன்னைக்கு என்ர வாயால நானே பேசச் சொல்றாங்க. என்ர பேரு..."

நின்றாள்.

எந்த மேடையிலும் வசனம் மறக்காதவள் நின்றாள். கீதா இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். சொல்லிப்போடு அம்மா, சொல்லிப்போடு என்று நெஞ்சு அடித்தது. முத்தாத்தாள் மகளைப் பார்த்தாள். பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். பிறகு அவள் கண் ஓரப் படுதாவுக்குப் போனது. அங்கே அழகிரிசாமி நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வெங்கடலட்சுமிங்க," என்றாள்.

கை தட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. கீதா உட்கார்ந்துவிட்டாள். இனி அந்த மனுவை யாரிடம் கொடுத்தாலும் ஆள்மாறாட்டம் பண்ணியவள் முத்தாத்தாள்தான். மைக்கில், அத்தனை பேர் முன்னால், தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று. அழகிரிசாமி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உதட்டை அசைத்ததோடு சரி. கீதா மனுவைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

விழா முடிந்ததும் நோட்டீஸ் எங்கே என்று கேட்டாள். வெங்கடலட்சுமி வீட்டில் இருக்கிறது, கேடயத்தையும் சால்வையையும் நாளைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அழகிரிசாமி. அவர் சென்னைக்காரரை ரயில் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் கீதா லீவு போட்டாள். புறப்படும்போது முத்தாத்தாள் சால்வையை விரித்து, ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள். கேடயத்தை முந்தானையால் துடைத்தாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள், பெயர் உள்பக்கமாக.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. வெங்கடலட்சுமியை வெறுப்பதற்குத் தயாராக வந்திருந்தாள் கீதா. கட்டிலில் கிடந்தது ஒரு பக்கம் வாய் கோணிப்போன, நரைத்த மயிரைச் சீவாத ஒரு கிழவி. வெறுப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தங்கச்சி நாச்சியம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். முத்தாத்தாள் கேடயத்தைக் கட்டிலில் கிடந்தவளின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். சால்வையைப் போர்த்திவிட்டாள்.

வெங்கடலட்சுமி என்னவோ சொன்னாள். கீதாவுக்கு விளங்கவில்லை. முத்தாத்தாளுக்கு விளங்கியது, ஒவ்வொரு நாடகம் முடிந்தும் அவள் கேட்கிற கேள்விதானாம்.

"எம்பேரக் கெடுக்காமப் பேசுனயா?"

"பேசுனனுங்கக்கா."

வெங்கடலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். கோணின வாயில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

நோட்டீஸ் என்று கீதா ஆரம்பித்ததும் நாச்சியம்மாள் உள்ளேயிருந்து ஒரு பெரிய ஆல்பத்தைத் தூக்கிவந்தாள். மன்றத்தில் செய்து கொடுத்ததாம், எத்தனை அழகாக இருக்கிறது பாருங்கள் என்றாள். கறுப்பு அட்டைப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு நோட்டீஸ், ரோஸ், மஞ்சள், பச்சை, ஓரம் பிசகாமல் வரிசையாக. எல்லாவற்றையும் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

கீதா முதல் பக்கத்திலேயே நின்றாள். ஒரு ரோஸ் தாளின் மூலையை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினாள். மெல்லிய தாள், சர்ரென்று மூலை மட்டும் கிழிந்து கையோடு வந்தது. பின்பக்கத்தில் பசையில் ஊறிப்போன மை நீலத் திட்டாகப் பரவியிருந்தது. எழுத்து என்று எதுவும் இல்லை.

"இது எந்த ஊரும்மா?"

முத்தாத்தாள் அந்தத் துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலியே கண்ணு. எழுதி வெச்சிருக்கறமேன்னு நான் மனசுல வெச்சுக்கல."

கட்டிலில் சலசலப்புக் கேட்டது. வெங்கடலட்சுமி கண்ணைத் திறந்து, கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை எழுந்தது. இந்தத் தடவை அவள் சொன்னது கீதாவுக்கும் விளங்கியது.

"என்ர நோட்டீஸு. கிழிக்காதீங்க."

கீதா வாயைத் திறந்தாள். முத்தாத்தாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நாச்சியம்மா, ரெண்டு சோத்துப் பருக்கை இருந்தாக் கொண்டாங்க," என்றாள்.

நாச்சியம்மாள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். முத்தாத்தாள் தரையில் உட்கார்ந்து, ஆல்பத்தை மடியில் வைத்து, பருக்கையை நசுக்கி அந்த மூலையின் பின்பக்கத்தில் தடவினாள். கிழிந்த இடம் தெரியாதபடி பொருத்தி, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.